ஏழாவது இணைப்பு

அந்தத் தாளை வைத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் இருந்த நம்பிக்கையில், என் கையால் துளை போட்டு, என் கையால் நூலில் கோத்து வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதையெல்லாம் தலையெழுத்து என்றோ சர்க்கார் கெடுபிடி என்றோ யாராவது எடுத்துக்கொண்டால், எனக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிடும். அந்த வழி எனக்கு வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் மையம் இருந்தது. மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு தட்டச்சு இயந்திரம், நான். ஏதோ ஒரு டிரஸ்டு எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. படிப்பை விட்டுப் பத்துப் பதினைந்து வருடமான பெரியவர்கள் வருவார்கள். தையல், நர்சிங் உதவி, மோட்டார் ரிப்பேர் என்று ஏதாவது ஒரு பயிற்சியில் சேர ஆசைப்படுவார்கள். கட்டணம் கட்ட வழியிருக்காது. அவர்களுக்கு அரசாங்கத்தின் உதவித்தொகை எதில் கிடைக்கும் என்று பார்த்து, மனு எழுதி, சான்றிதழ்களைச் சேர்த்து, ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கீழே மூட்டை பிரித்தால் யூரியா நெடி மேலே ஏறி வரும். அதை மோந்துகொண்டேதான் எழுதுவேன்.

வருகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே எங்கேயாவது திருப்பி அனுப்பப்பட்டவராகத்தான் இருப்பார். இந்தத் தாள் இல்லை, அந்த முத்திரை இல்லை, அடுத்த வாரம் வா. ஒரு தடவை திருப்பி அனுப்பினால் ஒரு நாள் கூலி போச்சு. மூன்று தடவை அனுப்பினால் ஆசையே போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வெறி பிடித்தது. நான் போடும் ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வரக் கூடாது. அவர்கள் ஐந்து இணைப்பு கேட்டால் நான் ஏழு வைப்பேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எண் எழுதிய சின்னச் சீட்டு ஒட்டுவேன். முதல் பக்கத்தில் பட்டியல். கடைசியில் மொத்தத்தையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூலால் இறுக்கிக் கட்டுவேன். ஆபீஸ் எழுத்தர்கள் என்னைக் கண்டதும் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. என் ஃபைல் ஒன்றும் திரும்பியதில்லை.

அவள் வந்தது மல்லாட்டை பிடுங்கும் சமயம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நகத்துக்கு அடியில் செம்மண் இருந்தது. ஒலக்கூர் பக்கத்துக் காலனி. வயது முப்பத்து மூன்று. புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், போனவன்தான். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. எட்டாம் வகுப்பு தேறியிருந்தாள். விழுப்புரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம். கட்டணம், விடுதி, மாதச் செலவு எல்லாவற்றையும் அரசாங்கம் கொடுக்கும், மனு ஏற்கப்பட்டால். ஏற்கப்படாவிட்டால் அவளால் ஒரு நாள்கூட அங்கே உட்கார முடியாது. முடித்துவிட்டால் பதிவு செய்துகொண்டு அரசு ஆஸ்பத்திரி வேலைக்குக் காத்திருக்கலாம். மல்லாட்டை உடைக்கிற கையால் இனி வேறு ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு இரண்டு பெயர். எங்கள் பக்கத்தில் இது ரகசியமே இல்லை. காலனியில் பாதிக் குடும்பம் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிறவை. பிள்ளை பிறந்ததும் சாமியார் தண்ணீர் ஊற்றி ஒரு பெயர் வைப்பார். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா வேறொரு பெயர் சொல்வார், மதம் என்ற இடத்தில் இந்து என்று எழுதச் சொல்வார். ஏனென்றால் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் அவர்கள் பெயர் ஆதிதிராவிடர் பட்டியலிலிருந்து வேறு பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலுக்கு இந்த உதவி கிடையாது. காலனி அதே காலனி, டீக்கடையில் தனி டம்ளர் அதே டம்ளர், பட்டியல் மட்டும் மாறிவிடும். பள்ளிப் பெயரில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்று அவளிடம் இருந்தது. வீட்டில் அவளுடைய அம்மா கூப்பிடுவது கோயில் பெயரைச் சொல்லி.

நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் என் குடும்பம் வேறு தெரு, வேறு சாதி. தண்ணீர் ஊற்றிக்கொண்டதால் நாங்கள் எதையும் இழக்கவில்லை. எங்களுக்கு ஒரு பெயர் போதுமாக இருந்தது. ஒரே பெயரோடு வாழ்வதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வசதி என்று எனக்கு உறைக்கவே பல வருடம் ஆயிற்று.

கேட்டிருந்த ஐந்து தாளும் அவளிடம் இருந்தன. சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், பயிற்சிப் பள்ளியின் கடிதம், பள்ளி மாற்றுச் சான்றிதழ். என் வழக்கப்படி ஆறாவதாக இருப்பிடச் சான்றும் வாங்கிவிட்டேன். மாற்றுச் சான்றிதழில்தான் என் கண் நின்றது. கூரை ஒழுகிப் பிறந்த தேதியின் மேல் தண்ணீர் பட்டிருந்தது. தேதியும் மாதமும் தெரிந்தன. வருடம் மசி கலைந்து அரைகுறையாக இருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் உதவி கிடையாது. வருடம் படிக்க முடியாத தாளை ஓர் எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டால்?

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உத்துப் பாத்தா தெரியுதேங்க்கா. அவங்க கேட்டா அப்பறமா டாக்டர் கிட்ட வயசு எழுதி வாங்கியாந்து குடுத்துர்றேன். கேக்காம நம்மளா ஏங்க்கா குடுக்கணும்?"

டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் வயது போடுவார், உன் முகத்தைப் பார்த்தால் நாற்பது என்று எழுதிவிடுவார் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படித் தள்ளிப்போனால் போகட்டும், அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றுதான் உங்கள் சனம் இப்படியே கிடக்கிறது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள். அன்று சாயங்காலமே அவளுடைய ஞானஸ்நானச் சான்று வாங்கப் பங்குக் கோயிலுக்குப் போனேன். அதில் பிறந்த தேதி பளிச்சென்று இருக்கும். சாமியார் கையெழுத்து, வட்ட முத்திரை. எங்கள் ஊரில் அந்த முத்திரையைக் காட்டி நான் சாதிக்காத காரியம் கிடையாது.

சாமியார் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்து எழுதினார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். முத்திரையைக் குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "இதையும் அந்த சாதி சர்டிபிகேட்டையும் ஒரே கட்டுலயாம்மா வைக்கப் போற?"

வயதைச் சரிபார்க்கிறவர் வேறு, சாதியைச் சரிபார்க்கிறவர் வேறு, இரண்டையும் சேர்த்துப் படிக்க எந்த ஆபீசிலும் யாருக்கும் நேரமில்லை என்று விளக்கினேன். பத்து வருட அனுபவத்தில் சொன்னேன். அது உண்மையும்கூட. அவர் முத்திரை குத்தி நீட்டினார். "நீ படிச்சவ," என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி ஒரு சிக்கல் பாக்கி. சான்றில் இருப்பது கோயில் பெயர், மனுவில் இருப்பது பள்ளிப் பெயர். அதற்கும் வழி தெரியும். பத்திரத்தாள் வாங்கி, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று உறுதிமொழி அடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். வக்கீல் முத்திரை வைத்தார். ஞானஸ்நானச் சான்றையும் பத்திரத்தையும் சேர்த்துப் பின் குத்தி, ஓரத்தில் ஏழு என்று சீட்டு ஒட்டினேன். அந்தச் சீட்டு கோணாமல் நேராக நிற்க வேண்டும் என்று இரண்டு தடவை பிரித்து ஒட்டியது நினைவிருக்கிறது.

அப்போது எங்களுக்கு ஜில்லா ஆபீஸ் கடலூரில். கடைசி நாளன்று இருவரும் பஸ்ஸில் போனோம். எழுத்தர் சீட்டுகளை விரலால் தள்ளி எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் அடித்தார். ரசீது கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. புதுச்சேரியில் பஸ் மாறித் திரும்பினோம். கிளியனூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்க காலனியில கோயில் பேரையும் பள்ளிக்கூடத்துப் பேரையும் யாரும் ஒரே தாள்ல எழுத மாட்டாங்க்கா. எங்கப்பா கூட எழுதுனதில்ல. நீங்க எழுதிட்டீங்க. பரவால்லீங்களா?"

ஒன்றும் ஆகாது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று யோசித்தேன். வயதுக்குச் சாட்சி வைக்கிறேன் என்று, அவள் கிறிஸ்தவள் என்பதற்குச் சாட்சி வைத்திருக்கிறேன். அதுவும் தனியாக வைத்தால் யாருடையதோ என்று போய்விடும் என்று, பத்திரத்தாளில் உறுதிமொழியோடு அவளைக் கட்டி வைத்திருக்கிறேன். கேட்டிருந்த ஐந்தில் இது இல்லை. வருடம் உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்தது.

மறுநாள் போய்த் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கேட்பது? ஏழாவது இணைப்பை எடுத்துவிடுங்கள் என்றால் முதலில் அதைத்தான் படிப்பார்கள். கை வைக்காமல் இருப்பதுதான் நல்லது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து இருபது வருடம் அப்படியே கை வைக்காமல் இருந்தோம்.

இரண்டு மாதத்தில் மனு ஏற்கப்பட்டு வந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தாள். வேகவைத்த மல்லாட்டை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள். நான் சொன்னேனே, யாரும் படிக்க மாட்டார்கள் என்று. எனக்கே நிம்மதியாகத்தான் இருந்தது. குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு விழுப்புரம் விடுதிக்குப் போனாள்.

அந்த வருடம்தான் ஜில்லா பிரிந்தது. விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. எங்கள் பக்கத்து ஃபைல்கள் எல்லாம் லாரியில் ஏறிக் கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு வந்தன. ஐப்பசி மழை. வேறொருவருடைய மனுவுக்காக அந்தப் புது ஆபீசுக்குப் போயிருந்தேன். வைக்க இடமில்லாமல் வராந்தா முழுக்க ஃபைல் கட்டுகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். தார்ப்பாயின் ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அடிக்கட்டுகள் ஊறி உப்பியிருந்தன. நான் அங்கே நின்று, ஃபைல்கள் அழுகிப்போக வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். ஊரார் பிழைப்பெல்லாம் அந்தக் கட்டுகளில் இருக்கிறது என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. அப்படி வேண்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டின் நடுவில் பிளாஸ்டிக் ஓரம் ஒன்று மினுங்குவதைப் பார்த்தேன். உறை போட்டு ஃபைல் கொடுப்பது அந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

ஆபீஸ் பியூன் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். நல்ல மனிதர். நம்பர் சொன்னால் எழுத்தரிடம் கேட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் வாய் தவறிப் பாதி நம்பரைச் சொல்லிவிட்டேன். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தேன். அந்தப் பாதி நம்பரை அவர் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ என்று பல மாதம் பயந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் பயிற்சி முடித்தாள். சில வருடம் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்து, ஆதிதிராவிடர் பட்டியலுக்கான இடத்தில் அரசு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புடவை எடுத்து வந்தாள். ஊதா நிறம். இன்னும் வைத்திருக்கிறேன், கட்டியதில்லை.

வேலை கிடைத்ததிலிருந்து அவள் கோயிலுக்கு வருவது நின்றது. முதலில் ஞாயிற்றுக்கிழமை, பிறகு கிறிஸ்துமஸ், பிறகு ஈஸ்டர். மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் சடங்கு, நடக்கவில்லை. வீட்டிலிருந்த மாதா படம் அரிசி டிரம்முக்குள் போய்விட்டது என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மார்க்கெட் ரோட்டில் அவளை மடக்கி, சம்பளம் வந்ததும் சாமி வேண்டாமா என்று கேட்டேன். நாலு பேர் காதில் விழும்படிக் கேட்டேன். அவள் ரோட்டைக் கடந்து போனாள். எனக்கு அந்தத் தாள் நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க நான் விரும்பவில்லை. இரண்டு தாளைச் சேர்த்துப் படிக்க எந்த ஆபீசிலும் நேரமில்லை என்று சொன்னவள் நான்தானே.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பேச்சு பரவியது. வேறு ஊரில், வேறு இலாகாவில், ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். சாதிச் சான்றின் மெய்த்தன்மையை விசாரித்தார்களாம். யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்தார்களாம். கல்யாணப் பத்திரிகை, கல்லறை, பழைய உதவித்தொகை ஃபைல் எல்லாவற்றையும் தோண்டினார்களாம். இதைக் கேட்டபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் ஏன் மாதா படத்தை அரிசிக்குள் புதைத்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் பதவி உயர்வு வந்ததாகவும், விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு நர்ஸ் மூலம் தெரிந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவளுக்குப் பின்னால் வந்த சின்னப் பெண்கள் அவளை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்க ஆஸ்பத்திரிக்கே போனேன். அவள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"புரோமோஷன்னா பழைய ஃபைல வரவழிப்பாங்க்கா. வரவழிச்சா ஏழாவது தாளு வரும்."

எத்தனையாவது என்றுகூட நினைவு வைத்திருந்தாள். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அடுத்த விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

பிறகு அவளுடைய அம்மா செத்துப்போனார்கள். கோயில் மணி அடித்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் எல்லோர் கையிலும் கேமரா வைத்த செல்போன் வந்துவிட்டது. சாமியார் ஜெபம் சொல்லும்போது நாலைந்து பேர் படம் பிடித்தார்கள். நான் அவளைத் தேடினேன். பாதைக்கு அந்தப் பக்கம், மல்லாட்டைக் கொல்லையில், வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள். சொந்த அம்மாவுக்கு ஒரு பிடி மண் போட வரவில்லை. மண் தள்ளி முடித்து, எல்லோரும் போகும்வரை அங்கேயே நின்றாள். அவளைக் கோயில் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த அம்மா ஒருவர்தான் மிச்சம் இருந்தார்கள்.

மையம் எப்போதோ மூடப்பட்டது. நான் வீட்டிலிருந்தபடியே மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அந்த வெறி விடவில்லை. சில வருடம் கழித்து ஒரு நாள் அவள் மகள் வந்தாள். இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. அவளுக்கு லேப் டெக்னீஷியன் பயிற்சி, அதே உதவித்தொகை. தாள்களை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"அம்மா சொல்லியனுப்புனாங்க, பெரிம்மா. கேட்டதுக்கு மேல ஒரு தாளும் வெக்கக் கூடாதாம்."

ஐந்து கேட்டிருந்தார்கள். ஐந்து வைத்தேன். கை ஆறாவதைத் தேடியது, அடக்கிக்கொண்டேன். நூல் கட்டும்போதுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள். அம்மாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது, சாதிச் சான்று மெய்த்தன்மை விசாரணைக்கு விழுப்புரம் வரச் சொல்லி. யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள் என்று சிலரும், ஓய்வுக்கு முன்னால் எல்லோருக்கும் வருவதுதான் என்று சிலரும் சொல்கிறார்கள். ஓய்வுக்கு நான்கு வருடம் பாக்கி. அம்மாவின் சான்றை ரத்து செய்தால் என்னுடையதும் போய்விடுமா பெரிம்மா என்று கேட்டாள். போய்விடும் என்று எனக்குத் தெரியும். அப்படியெல்லாம் ஆகாது என்றேன். அன்று அவள் அம்மாவுக்கு நான் சொன்ன அதே வார்த்தை.

விசாரணைக்கு அவள் அம்மாவோடு நானும் போனேன். பஸ்ஸில் என் திட்டத்தை அவளிடம் சொன்னேன். அந்தப் பத்திரத்தில் அவள் வெற்றுத்தாளில்தான் கையெழுத்துப் போட்டாள், என்ன அடித்தேன் என்று அவளுக்குத் தெரியாது, வேறு யாருடைய ஞானஸ்நானச் சான்றையோ அவசரத்தில் நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் என்று நான் சொல்வேன். நீ எதுவும் தெரியாது என்று மட்டும் சொல். என்னை ஜெயிலில் போட்டாலும் பரவாயில்லை. அவள் கேட்டுக்கொண்டு, "சரிங்க்கா" என்றாள்.

விசாரித்தவர் இளைஞர், மரியாதையானவர். எங்களை உட்காரச் சொன்னார். அவர் மேசையில் அதே வருடத்துப் பழைய ஃபைல்கள் கிடந்தன. செல்லரித்து, மூலை உதிர்ந்து, தொட்டால் தூளாகும் போல இருந்தன. ஒன்று மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நூலைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்தார். தாள் லேசாகப் பழுத்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மூலைகூட மடங்கவில்லை.

"இருபது வருஷமாச்சு, ஒண்ணுமே ஆவல பாருங்க," என்றார். "இவ்ளோ நீட்டா யாருங்க ஃபைல் போட்டது?"

அவள் என் பக்கம் கை காட்டினாள். "அக்காதாங்க." குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே பெருமையாகச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நான்கு. ஐந்து. ஆறு. ஏழில் விரல் நின்றது. மேலே இருந்த சான்றைப் படித்தார். அடியில் இருந்த பத்திரத்தைப் படித்தார். முன்னால் திரும்பிப்போய் முதல் இணைப்பான சாதிச் சான்றைப் பார்த்தார். இரண்டு தாளையும் சேர்த்துப் படிக்கிற ஆள் கடைசியில் வந்துவிட்டார். பிறகு, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவர் போல, கோயில் பெயரைச் சத்தமாகச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள். "நான்தாங்க."

சார், அது வந்து, என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள். நான் நிறுத்திவிட்டேன். அவர் எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றோம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா போனதுலேர்ந்து அந்தப் பேர்ல யாரும் கூப்பிடலீங்க்கா. அவரு கூப்பிட்டதும், இல்லன்னு சொல்ல வாய் வரல. அம்மாவுக்கு மண்ணு போடலியே, அவங்க கூப்பிட்ட பேரையாவது என்னுதுன்னு சொல்லிக்கினு போறேன்னு எழுந்துட்டேன்."

அடுத்த மழைக்கு முன்னால் உத்தரவு வந்தது. வேலை போயிற்று. அத்தனை வருடம் மடித்த விரிப்புக்கு ஓய்வூதியம் இல்லை என்றார்கள். கேஸ் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மாதா படம் மறுபடியும் சுவரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறாள்.

அதே மாதத்தில் மகளுடைய மனுவும் திரும்பி வந்தது. என் கையால் போட்டதில் திரும்பி வந்த ஒரே ஃபைல் அதுதான். அவளிடம் கொடுப்பதற்கு முன் பிரித்து எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் சரியாக இருந்தன.